புட்டியில் ஊற்றிய தண்ணீர்

தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு மாதா கோயிலை விட்டு வெளியே வந்தேன். வாசலில் என் மச்சான் நின்றிருந்தார். என் பெண்சாதியின் அண்ணன். நாங்கள் கடலுக்குப் போகும் கட்டுமரம் அவருடையது. அதில் மூன்று பேர் போவோம். அவர், நான், என் பக்கத்துக் குடிசைக்காரன். அன்று மச்சான் ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அது என்னால் வந்த அடி.

"மாப்ளே, பாஸ்கா வரைக்கும் பாக்குறேன்" என்றார். "அதுக்குள்ள அந்தச் சனியன வுட்டுட்டு வந்தின்னா உன் எடம் உனக்கு. இல்லாட்டி அதுவரைக்கும் உன் எடத்துல வர்ற கோவளத்து ஆளயே வச்சிக்குவேன். தங்கச்சி புருஷன்னு பாத்துக்கினே இருந்தா மூணு பேரும் அலையிலயே பூடுவோம்."

சரி என்றேன். பாஸ்கா, அதாவது ஈஸ்டர், வர இன்னும் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது.

அந்தச் சனியன் அபின்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நான் அபின் தின்ன ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான கோடையில் எனக்குச் சீதபேதி வந்தது. சீதமும் ரத்தமுமாகப் பத்து நாள். எழுந்து நிற்க முடியவில்லை. டாக்டரும் ஊரை விட்டுப் போயிருந்தார். குப்பத்தில் ஒருவர் மிளகளவு அபின் கொடுத்தார். அரை நாளில் நின்றது.

ஒரு மாசம் சாப்பிட்டேன். உடம்பு தேறியது என்று நிறுத்தினேன். மறுநாள் வயிறு போயிற்று. வியாதி உள்ளேயே இருக்கிறது என்று மறுபடி போட்டேன். நின்றது.

நாலு வருஷமும் இதே கதை. நிறுத்தினால் போகும், போட்டால் நிற்கும். எனக்கு ஆறாத சீதபேதி என்று நான் நம்பினேன். குப்பமும் நம்பியது. மிளகளவு உருண்டை கொத்துக்கடலை அளவு ஆயிற்று. மைலாப்பூர்ப் பக்கம் அபின் விற்கும் லைசென்ஸ் கடை ஒன்று இருந்தது. நடந்து போய் வாங்கி வருவேன். குடிகாரனைத் திட்டுவது போல என்னை யாரும் திட்டவில்லை. நோயாளி மருந்து வாங்கப் போகிறான் என்றுதான் நினைத்தார்கள்.

ஆனால் கடலுக்கு அது தெரிந்துபோயிற்று. தூண்டில் கயிறு கையில் இருக்கும்போதே கண் செருகும். பசி கிடையாது. குளிர் தெரியாது. கூப்பிட்டால் இரண்டாம் குரலுக்குத்தான் திரும்புவேன். மரத்தில் இரண்டாம் குரல் கிடையாது. கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றே சொல்வோம்.

விட்டுவிடப் பார்க்காமல் இல்லை. முதலில் மந்தைவெளிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் போனேன். அபினை மறக்க வைக்கிற லேகியம் என்று ஒன்று கொடுத்தார். நாக்கில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள்ளும் அபின்தான். வெல்லம் போட்டுக் கிளறியிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாசம் சந்தோஷமாகத் தின்றேன். நல்ல வைத்தியர் என்று நாலு பேரிடம் சொல்லவும் சொன்னேன்.

அடுத்து மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். மெழுகுவர்த்தி ஏற்றி, இனித் தொடமாட்டேன் என்று. மூன்றாம் நாள் தொட்டேன். மாதாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு இரண்டு வாரம் கோயிலுக்கே போகவில்லை.

மூன்றாவது வைத்தியம் மச்சானுடையது. "கடல்ல கடை இல்ல இல்ல? நம்மகூடவே வச்சிக்கலாம். கரைக்கு வந்தா என் வூட்ல படுத்துக்கட்டும். மூணு நாள்ல உப்புத் தண்ணி எல்லாத்தையும் கழுவிடும்" என்றார். எங்கள் ஆட்களுக்கு எந்த வியாதிக்கும் கடல்தான் மருந்து. நானும் ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் கொட்டாவியும் மூக்கு ஒழுகலும். இரண்டாம் நாள் மரத்தில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி கக்கினேன். கால் எலும்புக்குள் யாரோ ஊசியால் குடைகிற மாதிரி இருந்தது.

பக்கத்துக் குடிசைக்காரன் துடுப்பு போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா மச்சி, கடல் ஒத்துக்கலையா? மைலாப்பூர் வக்கீல இட்டாந்த மாதிரி கீது."

"வாய மூட்றா" என்றார் மச்சான். ஆனால் அவரும் சிரித்தார்.

மூன்றாம் நாள் கரைக்குத் திரும்பும்போது அலை ஏறியது. மரம் நேராக இருக்கும்படி பின்னால் இருப்பவன் துடுப்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னால் நான். மச்சான் கத்தினது காதில் விழுந்தது. கை போகவில்லை. மரம் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. கட்டை மச்சானின் தோளில் அடித்தது. வலை போயிற்று.

கரையில் எழுந்து நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அன்று சாயந்திரம் நேராகக் கடைக்குப் போனேன். அதற்கு அடுத்த வாரம்தான் விபூதிப் புதன்.

என் பெண்சாதி கூடையில் மீன் எடுத்துக்கொண்டு மந்தைவெளி, மைலாப்பூர், கோபாலபுரம் எல்லாம் போவாள். மந்தைவெளியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் அவளிடம் வாடிக்கை. என் வயதுதான் இருக்கும். காணாங்கெளுத்தி மீன் என்றால் உயிர். பேரம் பேசாமல் வாங்கமாட்டார். அவரிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சீதபேதி, அபின், கவிழ்ந்தது, பாஸ்கா கெடு, எல்லாம். அவர் என்னைக் கூட்டிவரச் சொன்னார்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். விரலில் காட்டினேன். சீட்டில் என்னவோ எழுதினார். மிச்சத்தைக் கம்பவுண்டர் பேசினார்.

"ரெண்டு வழி கீது, நைனா. பெரிய ஆஸ்பத்திரில படுத்துக்கலாம். ரெண்டு வாரம் உள்ள போட்டு ஒரேயடியா நிறுத்துவாங்க. கஷ்டம், ஆனா சீக்கிரம். இல்லன்னா வூட்லயே இருந்துக்கினு கொஞ்சங்கொஞ்சமா இறங்கலாம். அதுக்குக் கூட ஒரு ஆள் வோணும்."

"நான் கீறேன்" என்றாள் என் பெண்சாதி.

"ஒரேயடியா வுட்டுத்தான் பாத்தாச்சே" என்றேன் நான்.

ஒரு புட்டி நிறைய மருந்து கலந்து கொடுத்தார். அபின் கரைத்த தண்ணீர். நல்ல காப்பி நிறம். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிப் புட்டிகளில் ஒரு பக்கம் கடுதாசியைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒரு பல் ஒரு வேளை.

"காலைல ஒரு ஸ்பூன், மத்தியானம் ஒண்ணு, விளக்கு வைக்கிற நேரத்துல ஒண்ணு. ஒவ்வொரு ஸ்பூன் குடிச்சதும் ஒரு ஸ்பூன் தண்ணி புட்டில ஊத்தணும். காய்ச்சி ஆறவச்ச தண்ணி. குலுக்கி வச்சிடு. அவ்ளோதான்."

"புட்டி எப்ப தீரும்?"

"தீராது. மட்டம் அப்படியே நிக்கணும். சரக்குதான் தீரும்."

எனக்கு அது மருந்தாகவே படவில்லை. தண்ணீர் ஊற்றி ஏமாற்றுவது பால்காரன் வேலை. ஆனால் முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. கொட்டாவி கொஞ்சம். கால் குடைச்சல் கொஞ்சம். நடந்தால் கால் குடைச்சல் குறைந்தது. அதனால் என் பெண்சாதியின் கூடையை நான் தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தேன். எங்கள் குப்பத்தில் ஆண்பிள்ளை மீன் பிடிப்பான், பொம்பளை விற்பாள். கூடை தூக்கிய ஆண்பிள்ளை நான்தான் முதல்.

கரையில் மீன் ஏலம் எடுக்கிற பொம்பளைகள் விடுவார்களா?

"இன்னாயா, புடவை எப்ப கட்டப்போற?"

என் பெண்சாதி திரும்பிப் பார்த்தாள். "கீறது ஒரே புடவைதான்மே. அவரு கட்டிக்கினா நான் இன்னாத்த கட்றது?"

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வாரம் ஆசை பிடித்தது. உடம்புக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. மனசுக்குத்தான். புட்டியை அவள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. ரேஷன் அரிசி, பானையில் கால்பாகம்தான் இருக்கும். புட்டியின் மூக்கு தெரிந்தது.

இன்னொரு ஸ்பூன் கொடு என்று ஒரு நாள் கேட்டேன்.

"தாராளமா" என்றாள். "ரெண்டு ஸ்பூன் குடிச்சா ரெண்டு ஸ்பூன் தண்ணி ஊத்துவேன். வோணுமா?"

வேண்டாம் என்றேன்.

மறுநாள் அவள் தண்ணீருக்குப் போனபோது பானையில் கைவிட்டு மூன்று ஸ்பூன் அளவு வாயில் ஊற்றிக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன். மூன்று பல் இறங்கியிருந்தது. வந்ததும் கண்டுபிடித்துவிடுவாள். அவசரமாகத் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரி செய்தேன். குலுக்கி அரிசிக்குள் புதைத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரே குஷி. அதற்கடுத்த நாளும் எடுத்தேன். அதற்கும் அடுத்த நாள் ஐந்து ஸ்பூன்.

நாலாம் நாள் எடுத்தபோது கசப்பு குறைந்திருந்தது. குடித்து உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

என் பெண்சாதி புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புட்டியை மடியில் கட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றாள்.

கம்பவுண்டரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வாரம் போனாத்தான் இந்தக் கலரு வரணும். இன்னா பண்ணே?"

நான் புட்டியைப் பார்த்தேன்.

"திருடிக் குடிச்சியா?"

"ஆமா."

"மட்டம் சரியா கீதே?"

"தண்ணி ஊத்தினேன்."

"யாரு ஊத்தச் சொன்னாங்க?"

"இவளுக்குத் தெரியக் கூடாதுன்னு."

கம்பவுண்டர் கையில் இருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். உள்ளே இருந்த டாக்டர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"பாத்தியாம்மா? உன் வூட்டுக்காரரு உனக்குப் பயந்தே பொழைச்சிடுவாரு போல கீது."

பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இதே வேலைய மொத வாரம் பண்ணியிருந்தின்னா, அவ்ளோ சரக்கும் ஒண்ணா உள்ள பூந்து மூச்சு நின்னிருக்கும். இனிமே தொடாத. இறங்குனது இறங்கிட்ட. மேல ஏத்த மாட்டேன். நாலஞ்சு நாள் படுவ. தாங்கிக்கோ."

பட்டேன். பத்துப் பதினோரு நாளில் இறங்க வேண்டியதை நாலு நாளில் நானே இறங்கியிருந்தேன். மூக்கு ஒழுகியது, மயிர் குத்திட்டு நின்றது, தூக்கம் போயிற்று. அதெல்லாம் பரவாயில்லை. வயிறு போக ஆரம்பித்தது. அதுதான் என்னை உடைத்தது.

"சீதபேதி வந்துட்ச்சி" என்றேன். "இதுக்குத்தான் நான் சாப்ட்டதே. இத்த நிறுத்தாம மரத்துல எப்படி ஏறுவேன்? ஒரே ஒரு உருண்ட. நின்னதும் வுட்டுட்றேன்."

அவள் கதவுத் தட்டியைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கம்பவுண்டர்கிட்ட கேட்டுட்டுப் போ."

"அவருக்கு இன்னா தெரியும்?"

"நாலு வருஷமா நீ சொன்னத நான் நம்புனேன். மோரும் கஞ்சியுமா ஊத்துனேன். ஒரு வாரம் நான் சொல்றத நம்பு."

போனோம். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

கம்பவுண்டர் ஒரு கேள்விதான் கேட்டார். "சீதம் கீதா? ரத்தம் கீதா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல. வெறும் தண்ணிதான்."

"அந்த யுத்த வருஷத்துக்கு அப்புறம் எப்பனா ரத்தம் பாத்தியா?"

அதையும் யோசித்தேன். இல்லை. நாலு வருஷத்தில் ஒரு தரம்கூட இல்லை. நான் கவனித்ததே இல்லை.

"அப்போ அது வியாதி இல்ல, நைனா. வியாதி அந்த வருஷமே பூட்ச்சி. இது அபின் மூட்ட கட்டிக்கினு போவுது. போவும்போது வூட்ட கொஞ்சம் அசிங்கம் பண்ணிட்டுத்தான் போவும். நீ ஒவ்வொரு வாட்டியும் அத்த கையப் புடிச்சி உள்ள இட்டாந்து உக்கார வச்சிருக்க."

உப்பும் சர்க்கரையும் போட்டு நீராகாரம் குடிக்கச் சொன்னார். ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் காலையில் வயிறு தானாகவே நின்றது. நான் உருண்டை எதுவும் போடவில்லை. நிறுத்தினால் போகும், போட்டால்தான் நிற்கும் என்று நாலு வருஷமாகச் சொல்லி வந்த வயிறு, போடாமல் நின்றது.

எனக்கு வெட்கமாக இருந்தது. இல்லாத நோய்க்கு நாலு வருஷம் மருந்து தின்றிருக்கிறேன். கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு பசி வந்தது. அந்தப் பசியை எனக்கு அடையாளமே தெரியவில்லை. வயிற்றில் ஏதோ புது வலி என்று நினைத்தேன். என் பெண்சாதி ஒரு சட்டிச் சோறு வைத்தாள். வலி போயிற்று. அன்று முதல் அவள் மோர் வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

நாலாம் வாரத்துக்கு மேல் புட்டி எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. நான் கூடை தூக்குவதை விடவில்லை. ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். மைலாப்பூர் வாடிக்கைக்கு நான் மட்டும் போனேன். அந்த வழியில்தான் கடை.

சுற்றிப் போயிருக்கலாம். போகவில்லை. பாஸ்காவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. இதைத் தாண்டாமல் அலையைத் தாண்டி என்ன பயன் என்று தோன்றியது. தோன்றியதே தவிர, கடைக்காரனின் சின்னத் தராசு கண்ணில் பட்டதும் வாயில் எச்சில் ஊறியது. கால் தானாக நின்றது.

கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

"அட. உயிரோட கீறியா? செத்துட்டேன்னு நெனச்சேன்."

"ஏன்?"

"கடைக்கு வர்றத நிறுத்துனவன் எல்லாம் அப்படித்தான் நிறுத்தினான்."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். அவர்களும் என்னை ஆவியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"எப்பவும் போலயா?" என்று கடைக்காரன் தராசில் கை வைத்தான்.

தலையில் கூடை இருந்தது. இறக்கி வைத்தேன்.

"மீன் வோணுமா?" என்றேன். "காணாங்கெளுத்தி. காலைல வந்தது."

அவன் என்னைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். செவுளைத் தூக்கிப் பார்த்தான். நாலு எடுத்துக்கொண்டான். நாலு வருஷம் அவனிடம் நான் வாங்கினேன். அன்று அவன் என்னிடம் வாங்கினான்.

கூடையைத் தூக்கியபோது அந்த இருவரில் ஒருவர் என் பின்னாலேயே வந்தார். "எப்படிப்பா வுட்ட?" என்றார். மந்தைவெளி ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன். ஸ்பூனும் தண்ணீரும் சொன்னேன். கூட ஒரு ஆள் வேண்டும் என்பதையும் சொன்னேன். "வூட்ல யாரும் இல்லியே" என்றார். "என் வூட்டுக்கு வா" என்றேன். வந்தார். அது வேறு கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் புட்டியில் தண்ணீர் ஊற்றியது நான்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் என் புட்டியைக் கம்பவுண்டரிடம் காட்டினோம். அதைக் குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தார். வித்தியாசம் தெரியவில்லை. கீழே ஊற்றிவிட்டுக் காலிப் புட்டியைக் கொடுத்தார். என் பெண்சாதி கழுவி அதில் தேங்காயெண்ணெய் வைத்தாள். அடுத்த தடவை கம்பவுண்டர் மீன் வாங்கியபோது இவள் காசு வேண்டாம் என்றாள். அவர் அதற்கும் பேரம் பேசினார். பாதி விலைதான் கொடுத்தார்.

பாஸ்கா ஞாயிறு கறி தின்றோம். திங்கள் விடியலில் கரைக்குப் போனேன். மச்சான் நின்றிருந்தார். தோள் ஆறியிருந்தது. பக்கத்துக் குடிசைக்காரன் மரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தபசு காலம் முழுக்க என் இடத்தில் போன கோவளத்து ஆளும் துடுப்போடு வந்திருந்தார். நல்ல ஆள். தோள் அகலம் என்னைப் போல இரண்டு.

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். கை இரண்டையும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். ஆடவில்லை.

"இன்னிக்கி மாப்ள வர்றாரு" என்று கோவளத்து ஆளிடம் சொன்னார். "நீ கரைலயே இரு. இன்னா ஆவுதுன்னு பாப்போம்."

பின்னால் இருக்கும் இடத்தை எனக்கு விட்டார். அலை அன்றைக்கும் உயரம்தான். தள்ளிக்கொண்டு இறங்கினோம். முதல் அலை மேலே போயிற்று. இரண்டாவது வருவதற்குள் ஏறிவிட வேண்டும். மச்சான் குரல் கொடுப்பதற்கு முன்னால் நான் ஏறியிருந்தேன். தண்ணீர் முதுகில் அறைந்தது. குளிர் தெரிந்தது. நாலு வருஷத்தில் கடல் குளிர்வது அன்றுதான் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

மீன் நன்றாக விழுந்தது. திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. கரைக்குக் கிட்டே வந்ததும் மூவரும் துடுப்பை இறுக்கிப் பிடித்தோம். கவிழ்ந்த இடம் அது. மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். பின்னால் ஒரு அலை எழும்பியது. நான் துடுப்பை அழுத்தினேன். மரம் திரும்பப் பார்த்தது. விடவில்லை. இன்னும் அழுத்தினேன். அலை எங்களைத் தூக்கி நேராகக் கொண்டுபோய் மணலில் வைத்தது.

பக்கத்துக் குடிசைக்காரன் இறங்கித் தலையை உதறினான்.

"இன்னா மச்சி, இன்னிக்கி வாந்தி வரலியா? நான் வேடிக்க பாக்கலாம்னு இருந்தேன்."

கோவளத்து ஆள் மரத்தை மேலே இழுக்க ஒரு கை கொடுத்தார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டு, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, தெற்கே பார்த்து நடந்தார்.

மச்சான் மீனை மூன்று குவியலாகப் பிரித்தார். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஒருவன் குவியல்களுக்கு முதுகைக் காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு குவியலைத் தொட்டு இது யாருக்கு என்பான். முதுகு காட்டி நிற்பவன் ஆளைச் சொல்வான். யாருக்கும் மனக்குறை வராது. மச்சான் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்.

நான் கடலைப் பார்த்து நின்றேன்.

"இது யாருக்கு?"

"மச்சானுக்கு."

"இது?"

"பக்கத்து வூட்டுக்காரனுக்கு."

"இது?"

"எனக்கு" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கூடையோடு கரையில் நின்ற பொம்பளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பெண்சாதி மட்டும் பார்க்கவில்லை. அவள் குனிந்து என் குவியலைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.